ஆள் எடுக்கும் அதிகாரம்

ஜனவரி 6, செவ்வாய்

எங்கள் கிளப் இன்று ஒரு டிஃபென்டரை எடுத்திருக்கிறது. இது எனக்கு எப்படித் தெரிந்தது? பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, கிளப்பின் முகநூல் பக்கத்தைப் பார்த்து. ஹேவர்டன் டவுன் கால்பந்துக் கிளப்பில் புது ஆட்டக்காரர்களைத் தேடி எடுக்கும் பிரிவுக்குத் தலைவி நான். பிரிவு என்றால் நான், ஒரு லேப்டாப், சூடாக மறுக்கும் ஒரு ஹீட்டர்.

வந்திருப்பவர் ஃபிரேசர் லம்லி, வயது முப்பத்தைந்து. எங்கள் மேனேஜர் நெவில் எந்தக் கிளப்புக்குப் போனாலும் பின்னாலேயே போகிறவர். இது அவர்களுக்கு நான்காவது கிளப். பல் வலியோடு நேராக நெவிலின் அறைக்குப் போனேன்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வேணாம்னிருப்ப.”

“ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல. டீ குடிக்கிறியா?”

குடித்தேன். அவர் போடும் டீ நன்றாக இருப்பது இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய இடைஞ்சல்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று உட்கார்ந்து எண்ணினேன். அணியில் இருபத்து மூன்று பேர். அவர்களை எடுத்தவர்கள் நான்கு மேனேஜர்கள். மூன்று பேர் போய்விட்டார்கள், அவர்கள் எடுத்த ஆட்கள் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கேயே இருக்கிறார்கள். நாலு மருமகள்கள் வந்து போன சமையலறை மாதிரி, ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நெவிலிடம் இதைச் சொன்னேன். மருமகள் என்று சொன்னதும் அவருக்குக் கோபம்.

“சனிக்கிழமை தோத்தா ரெண்டாயிரம் பேர் யாரைத் திட்றான்? உன் லேப்டாப்பையா? என் பேரை வச்சுப் பாட்டே கட்டியிருக்கானுங்க. தூக்குல தொங்கப் போறது நான், கயிறு வாங்கறது மட்டும் நீயா?”

“நீங்க ரெண்டு வருஷத்துல போயிடுவீங்க நெவில். நீங்க எடுத்த ஆளு இங்கயே இருப்பான்.”

“ரெண்டு வருஷமா? உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.”

பிறகு சொன்னார், நான் இருபது வருடம் கவுன்டி அலுவலகத்தில் பஸ் கால அட்டவணை போட்டவள் என்பதை மனதில் வைத்து: “பஸ் வரலேன்னா டிரைவரைத்தான் திட்டுவான். அட்டவணை போட்டவளை எவனாவது திட்டியிருக்கானா?”

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் அதே கேள்விதான் காதில். எரிச்சல்.

ஜனவரி 20, செவ்வாய்

யெஸ்டின் வந்துவிட்டான்! என் யெஸ்டின். வேல்ஸில் ஒரு சின்ன லீக்கில் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவன், வயது இருபத்து நான்கு. காலையில் தபால் போடுவான், மாலையில் பயிற்சி. ஆறு தடவை போய்ப் பார்த்தேன், ஆறு தடவையும் மழை. ஆறாவது தடவை அங்கே டிக்கெட் கிழிப்பவர் எனக்கென்றே ஒரு குடை கொடுத்தார்.

நெவில் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். “பந்தை நல்லாதான் கொண்டு போறான். கொண்டு போயி என்ன பண்றான்?”

“கோல் போடுவான். பாருங்க.”

கிளப் முதலாளி திருமதி ஓல்ட்ராய்ட் நடுவே புகுந்து, சீசன் முடியும் வரை மட்டும் ஒப்பந்தம் என்று முடித்து வைத்தார். யெஸ்டின் தபால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு மனைவி மாரெட், எட்டு மாதப் பெண் குழந்தையோடு வந்து இறங்கியிருக்கிறான். மீன் வறுவல் கடைக்கு மேலே வீடு. குழந்தையின் போர்வை வரைக்கும் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அவன் ஓட்டத்தைப் பற்றியே நினைப்பு.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹீட்டர் செத்துவிட்டது. கோட்டோடு வேலை.

பிப்ரவரி 14, சனி

இரண்டு கோல்! இரண்டும் யெஸ்டின்! நான் பத்திரிகைக்காரர்கள் இருக்கும் இடத்தில் நின்று கத்தியதில் ஒருவருடைய சூப் கொட்டிவிட்டது. ஆட்டம் முடிந்து நெவில் என்னைத் தேடி வந்தார். “உன் தபால்காரன் இன்னிக்குச் சரியான விலாசத்துல போட்டான்” என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு இவ்வளவுதான் வரும். எனக்கு இது போதும்.

பிப்ரவரி 21, சனி

லம்லி இன்று யாரும் தொடாமலேயே கீழே விழுந்தார். எதிரணி ஆள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் நிதானமாக கோல் போட்டான். நெவில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் அணி தோற்றதில் சந்தோஷப்படுகிறேன். நல்ல பொம்பளை நான்!

மார்ச் 10, செவ்வாய்

திருமதி ஓல்ட்ராய்ட் எங்கள் இருவரையும் தன் பிஸ்கட் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருந்தார். மேசை மேல் ஒரு தட்டு நிறைய உடைந்த பிஸ்கட். முழுசு எல்லாம் விற்பனைக்கு, அவர் வீட்டு விருந்தாளிக்குக்கூட உடைந்ததுதான்.

“ஒரே வண்டில ரெண்டு ஸ்டியரிங் வச்சு ஓட்டறீங்க ரெண்டு பேரும். நடுவுல உக்காந்து எனக்குத் தலை சுத்துது. நெவில், நீங்க எடுத்த பெரியவர் தடுக்கி விழறாரு. லோர்னா எடுத்த பையன் ஓடறான். இனிமே ஒருத்தர்தான் முடிவு பண்ணணும்.”

நெவில் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்த தாளை நீட்டினேன். ‘ஆட்டக்காரர்களை எடுப்பது, வைத்திருப்பது, விடுவிப்பது மூன்றிலும் இறுதி முடிவு ஆள் தேர்வுப் பிரிவின் தலைவருடையது.’

நெவில் இரண்டு முறை படித்தார். “மூணுமா?”

“மூணும்.”

“யோசிச்சுத்தான் எழுதினியா?”

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மா.” கையெழுத்துப் போட்டார். என் பேனாவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை சுலபமாகவா? ஏதோ இடிக்கிறது. போகட்டும், ஜெயித்தது ஜெயித்ததுதான்.

மார்ச் 11, புதன்

நெவில் ஒரு பெயர் சொன்னார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஆஹா!

மார்ச் 28, சனி

யெஸ்டினுக்கு ஆறு ஆட்டமாக கோல் இல்லை. இந்த லீக்கில் இருக்கும் டிஃபென்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்தோடு வந்தால் அவன் வலது பக்கம்தான் போவான், இடது பக்கம் திரும்பவே மாட்டான். அங்கே போய் நின்றுகொண்டால் போதும். இன்று ஒருத்தன் நின்றுகொண்டே கொட்டாவி விட்டான்.

ஆறு தடவை போய்ப் பார்த்தவளுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை? அந்த லீக்கில் யாரும் அவன் வேகத்துக்கு முன்னால் போய் நிற்கவே இல்லை. அதனால்தான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அடுத்த சீசனுக்குப் பதினெட்டு பேருக்குத்தான் சம்பளம் என்று சொல்லிவிட்டார் திருமதி ஓல்ட்ராய்ட். லேப்டாப்பில் எல்லோரையும் வரிசைப்படுத்தினேன். யெஸ்டின் இருபத்தொன்று.

வேறு மாதிரி கணக்குப் போட்டேன், இருபது. ஓடும் வேகத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துப் போட்டேன், பத்தொன்பது. அவன் சிரிப்புக்கு மதிப்பெண் போட்டால் தேறிவிடுவான். நானே செய்த தராசு, நானே விரலை வைத்து அழுத்துகிறேன். கேவலம் லோர்னா.

நெவில் கதவோரம் நின்று, “தபால்காரன் கதை என்ன?” என்றார்.

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். லம்லியாக இருந்தால் நான் இந்நேரம் ஏழெட்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 25, சனி

சீசன் முடிந்தது. பதினைந்தாம் இடம். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. ரசிகர்கள் கைதட்டினார்கள், மழை நின்றுவிட்டதற்காக இருக்கும்.

ஏப்ரல் 27, திங்கள்

ஒவ்வொரு சீசன் முடிவிலும் யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று கிளப் ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு நேரில் சொல்லிவிட வேண்டும். என் பட்டியல் தயார். ஆறு பேர். நெவிலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படிக்காமலே திருப்பித் தந்து, மேலே ஒரு சாவியை வைத்தார்.

“காலைல ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சுடு. ரூம் உன்னுது.”

“எந்த ரூம்?”

“ஆளுங்களைக் கூப்பிட்டுச் சொல்ற ரூம்.”

“அது மேனேஜர் வேலையாச்சே!”

“விடுவிப்பதுன்னு நீதான எழுதின? நான் மூணுமான்னு கேட்டேன்.”

“சரி, எப்படிச் சொல்லணும்னாவது சொல்லுங்க.”

“பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன் கண்ணு. எப்படிச் சொல்றதுன்னு எனக்கே இன்னும் தெரியல.”

கிண்டல் இல்லை அது. முகத்தைப் பார்த்தேன்.

ஏன் எழுதினேன் அந்த மூணாவது வார்த்தையை? ரெண்டு இருந்தா மொட்டையா இருக்கு, மூணு இருந்தா வாக்கியம் நல்லா உக்காருதுன்னு. அதுக்குத்தான்! வேற ஒரு காரணமும் இல்ல!

ஏப்ரல் 28, செவ்வாய்

முதலில் லம்லியைக் கூப்பிட்டேன். தெரிந்த ஆள் இல்லை, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“முதல்ல நீங்க உக்காருங்க. எனக்கு இது ஏழாவது தடவை, உங்களுக்கு முதல் தடவை. தண்ணி குடிங்க.”

குடித்தேன். சொன்னேன். எழுந்து கையைக் குலுக்கி, “நல்லா சொன்னீங்க. சுத்தி வளைக்கல” என்றார். நாலு மாதமாக இந்த மனிதரைத் தடுக்கி விழும் பெரியவராக மட்டும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து யெஸ்டின். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாரெட் ஏதோ கஃபேயில் வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறாளாம். உட்கார்ந்ததும், “வீட்டுக்காரர் இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக்கலாமான்னு கேக்கறாரு. நீங்க கூப்பிட்டதும் நல்லதாப் போச்சு” என்றான்.

சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் வரவில்லை. குழந்தை மேசையில் இருந்த சாவியை எடுத்து வாயில் வைத்தது. அவன் மெதுவாக அதைப் பிடுங்கித் துடைத்து என் பக்கம் வைத்தான்.

“இது யாரு முடிவு? பாஸோட முடிவா?”

ஆட்டக்காரர்களுக்கு பாஸ் என்றால் நெவில்தான். ஒரு தலையாட்டல் போதும். வெளியே நடையில் நெவில் நிற்பது கண்ணாடியில் தெரிகிறது. அவர் பெயரைச் சொன்னாலும் மறுக்க மாட்டார். அவன் அவரைத் திட்டிக்கொண்டே வேல்ஸ் போய்ச் சேர்ந்துவிடுவான்.

“இல்ல யெஸ்டின். நான்தான்.”

“நீங்களா? நீங்கதான மழைல ஆறு தடவை வந்து பாத்தீங்க?”

“ஆமா.”

“நான் இடது பக்கம் போக மாட்டேன்னு அப்பத் தெரியலையா?”

“தெரியல. தெரிஞ்சிருக்கணும். அது என் தப்பு, உன் தப்பில்ல.”

குழந்தையை மடியில் சரியாக உட்கார வைத்தான். பிறகு சொன்னான்: “பாஸ் சொல்லியிருந்தா, அந்தாளுக்கு என்னைப் பிடிக்கலன்னு போயிருப்பேன். நீங்க சொன்னா நான் என்னன்னு நினைச்சுக்கிறது?”

எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

கதவு வரை போய்த் திரும்பினான். “திரும்பத் தபால் வேலைக்குக் கேக்கணும். ஒரு கடிதம் எழுதித் தருவீங்களா? நேரத்துக்கு வருவான்னு போடுங்க.”

எழுதினேன். எழுதும்போதே அழுதுவிட்டேன், அவன் எதிரிலேயே. குழந்தைதான் என்னையே முறைத்துப் பார்த்தது. அவன் போனதும் நெவில் டீ கொண்டு வந்து வைத்தார். வெளியே போய் மறுபடி நடையில் நின்றுகொண்டார். இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

மே 5, செவ்வாய்

மறுபடி பிஸ்கட் தொழிற்சாலையில் நானும் நெவிலும். திருமதி ஓல்ட்ராய்ட் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்த மூணாவதை நெவில்கிட்டயே குடுத்துடட்டுமா?” என்றார்.

“குடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் நெவில். உதவிதான் செய்கிறார், தெரிகிறது. சனியன், எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

“வேணாம். எடுக்கறவங்கதான் போகவும் சொல்லணும்” என்றேன்.

நெவில் யோசித்தார். “அப்ப லம்லிகிட்ட நான்தான் சொல்லியிருக்கணும்.”

“ஆமா.”

“தப்பிச்சேன்டா சாமி” என்று உடைந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மே 9, சனி

கவுன்டி கோப்பை இறுதி ஆட்டம் பார்க்கப் போனேன். நடுவில் ஆடும் ஒரு பையன், இருபத்தொரு வயது. இரண்டு காலும் பேசுகிறது. இடது பக்கமும் திரும்புகிறானா என்று நாற்பது நிமிடம் அதையே பார்த்தேன். திரும்புகிறான். எனக்கு வேண்டும் இவன்.

ஆட்டம் முடிந்து வாசலில் காத்திருந்து பேசினேன். என்ன வேலை செய்கிறான், வீட்டில் யார் யார் என்று முதலில் கேட்டேன். எலெக்ட்ரீஷியனாகப் பயிற்சி எடுக்கிறான், நான்கு வருடப் படிப்பு. கடைசிப் பரீட்சை செப்டம்பரில். இப்போதே வா என்றால் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வருவான், கண்ணிலேயே தெரிந்தது. பரீட்சையை எழுது, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காரிலிருந்து நெவிலுக்கு போன் செய்து சொன்னேன்.

“பைத்தியமா உனக்கு? செப்டம்பருக்குள்ள எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்!”

“போனா போகட்டும் நெவில். இங்க வந்து சரிப்படலன்னா, அடுத்த ஏப்ரல்ல அந்த ரூம்ல அவன்கிட்ட நான்தான் உக்காந்து சொல்லணும். அப்ப அவன் கைல ஒரு தொழிலாவது இருக்கட்டும்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம்.

“செப்டம்பர்ல எந்தத் தேதி பரீட்சை?” என்று கேட்டார்.