காவேரிக் கூடத்துக் கூரை

என் உயிரான ஜமீலா அக்காவுக்கு,

நீ வரைந்த கூரையைப் போன வாரம் சென்னைத் துறைமுகத்தில் பார்த்தேன். கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில், நீ காகிதத்தில் போட்டபடியே இருக்கிறது. வட்டமாகப் பின்னிய மூங்கில் பிளாச்சுகள், நடுவில் ஒரு பித்தளை விளக்கு. சாப்பிட உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறார்கள். நீதான் பார்க்காமல் போய்விட்டாய்.

கப்பலையே பார்க்காதவள் நீ. நம் ஆறுகளின் பெயரில் கூடங்கள் வைத்து ஓர் உல்லாசக் கப்பல் தயாராகிறது, அதில் காவேரிக் கூடத்து மரவேலை தருமபுரியில் நம் பட்டறைக்கு என்று ஆர்டர் வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீதான் என்னை ஒகேனக்கல்லுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாய். கரையில் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துக் கவிழ்த்திருந்த பரிசலுக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டாய்.

"உள்ள பாம்பு கீம்பு இருக்கப் போவுதும்மா, வெளிய வாங்க" என்று பரிசல்காரர் பதறினார்.

"ரஹீமு, இதாண்டா கூரை" என்று உள்ளிருந்தே சொன்னாய். "ஆத்துக்கு அடியில இருந்து பாக்கற மாதிரி இருக்குது."

பதினைந்து நாள் அடுப்படியில் உட்கார்ந்து வரைந்தாய். சென்னையிலிருந்து வந்த கப்பல் டெக்கரேட்டர் அந்தப் படத்தை விரித்துவைத்துக் கோடு கோடாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "இது யாரு போட்டதுங்க?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நீ டீத் தட்டோடு நின்றிருந்தாய். அது எனக்குத் தெரியும்.

"நாந்தாங்க" என்றேன்.

பெண் வரைந்தது என்றால் ஆர்டர் போய்விடும் என்று பயந்ததாக உன்னிடம் சொன்னேன். பொய், அக்கா. அவர் அந்தப் படத்தைப் பார்த்த பார்வை என் மேல் விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

"வுடுடா, ஒரே வூடுதான" என்றாய். அதற்குப் பிறகு நீ பென்சிலைத் தொடவில்லை. ஏன் என்று ஒருநாளாவது கேட்டேனா? மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்த கடைசி வாரத்தில்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

திறப்பு விழாவுக்கு வரச்சொல்லித் தந்தி வந்தது. போனேன். சால்வை போட்டார்கள். கூடத்து வாசலில் ஒரு பித்தளைத் தகடு, அதில் கூரையை வடிவமைத்தவர் என்று என் பெயர். டெக்கரேட்டரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"தவறிட்டாங்க. நாலு மாசமாச்சுங்க."

"அப்புறம் யாருக்காக மாத்தறது? கப்பல் நாளைக்குக் கிளம்புதுங்க" என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பையில் திருப்புளி இருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான்கு திருகாணிகளையும் கழற்றித் தகட்டை எடுத்துவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. என் பெயர் போய்விட்டது; உன் பெயர் வந்துவிடவில்லை. ஏதோ பெரிய நியாயம் செய்தவனைப் போலக் கப்பலிலிருந்து இறங்கினேன். பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டியபோதுதான் உறைத்தது. நீ இருந்தபோது இதற்கு இரண்டே சொல் போதுமாயிருந்தது: "அக்கா போட்டதுங்க."

நேற்று உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கதவு, கட்டில், தொட்டில் என்று நீ போட்டுக்கொடுத்து நான் செய்தவற்றின் படங்கள் ஒரு கட்டு. இத்தனை வருடமாக என் வேலைப்பாடு என்று ஊர் மெச்சியதெல்லாம் அதில் இருக்கிறது.

அந்தக் கதவுகள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போகப்போகிறேன். முதலில் கடத்தூர். வாசலில் நின்று, இதை வரைந்தது என் அக்கா ஜமீலா என்று சொல்வேன். சிரித்தாலும் சொல்வேன், முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் சொல்வேன். உன்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். அதைக் கேட்க வேண்டிய காலத்தில் நான் வாய் திறக்கவில்லை.

உன் பெயரைத் திருடிய தம்பி,
ரஹீம்