திண்டுக்கல் தாண்டும்போது

இன்று காலை தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. நிற்பதற்கு முன் ஒரு வாடை வந்தது. உள்ளே கம்பிச்சுருள் கருகும் வாடை. மற்றவர்களுக்கு அது எப்படியோ, எனக்கு அது உன் கடையின் வாடை. திண்டுக்கல் பேகம்பூரில் உன் ரிப்பேர் கடைக்குள் கால் வைத்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். அதற்குப் பிறகுதான், பிரித்துப்போட்ட மிக்ஸிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவில் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கண் தேடும். மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடவில்லை.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் நான். தாளின் ஓர் ஓரத்தை உறுதி செய்துகொள்ளாமல் கோடு போட எனக்கு வராது. இன்றைக்கு அந்த வாடை ஓர் ஓரம் கொடுத்தது.

நாம் இருவரும் விமானம் பார்க்கத் தொடங்கியது, நான் ஓய்வு பெற்ற பிறகு. உன் கடைக்கு மேலே மொட்டை மாடி. மாலை நான்கு மணிக்கு நீ உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேலே வருவாய். வானத்தில் போகும் விமானம் எது, எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் செயலி உன் போனில் இருந்தது. நான் நோட்டில் நேரம், திசை, வகை என்று மூன்று பத்தி பிரித்து எழுதுவேன். உனக்கு வகைப் பெயர்கள் நாக்கில் நிற்காது. முகப்புக் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு வர்ணம் பூசிய புதிய விமானத்துக்கு 'கூலிங் கிளாஸ்' என்று பெயர் வைத்தாய். இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்தது 'காது மடக்கி'.

"ஏலே மாப்ள, கூலிங் கிளாஸ் வருது, வெரசா ஓடியா!" என்று நீ கத்துவாய். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் போவதன் கண்ணாடி நம் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? செயலி சொன்னதை நம்பித்தான் இருவரும் அண்ணாந்து நிற்போம். முன்பெல்லாம் சில விமானங்கள் நான்கு வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். அவை குறைந்து, பெரும்பாலும் இரண்டு கோடாகிவிட்டதை முதலில் கவனித்தவன் நீ. இரண்டே என்ஜினை வைத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் கடல் தாண்டுகிறான் என்று ஒரு வாரம் அதையே பேசினோம்.

ஒருநாள் மிக்ஸி மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய். "ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. இது தேங்காய அரைக்குது, அது காத்த அரைக்குது."

நான் மூன்று நாள் புத்தகம் புரட்டிவிட்டு வந்து, "அரைக்கலை. அமுக்குது. அமுக்கி, எரிச்சு, பின்னால தள்ளுது" என்றேன்.

"இதுக்கா மூணு நாளு? உங்கிட்ட மணி கேட்டா கடிகாரம் செய்யுறது எப்படின்னு சொல்லுவ போல!"

இன்னொரு விஷயத்திலும் நீ என்னை விட்டுவைக்கவில்லை. கைப்பேசி அலைகள் விமானக் கருவிகளைக் குழப்பக்கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் மாடிக்கு ஏறியதும் என் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அந்த விதி என்று நீ எத்தனையோ முறை சொல்லியும், கீழே நிற்பவன் மாற்றிவைத்தால் கெடுதல் ஒன்றுமில்லையே என்று எனக்குத் தோன்றும்.

"ஊரு பூரா போனு பேசிக்கிட்டுக் கெடக்கு. நீ ஒருத்தன் அமத்துனாத்தான் அவன் பத்திரமா எறங்குவானாக்கும்?" என்று சிரிப்பாய். நான் அசையவில்லை.

பெங்களூரில் இருக்கும் என் மகள் நம் இருவருக்கும் சேர்த்து மதுரையிலிருந்து டிக்கெட் போட்டாள். அத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்த நாம் இருவருமே அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் உன் கடைக்கு வந்து, முட்டி வலி, வர முடியாது என்றேன்.

நீ என் முட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாய். "வலிக்கிறது முட்டியா, நெஞ்சா?" என்றாய். நான் முட்டியைத் தடவிக்கொண்டேன். "சரி விடு. உன் பங்குச் சோத்தையும் சேத்துத் தின்னுட்டு வாரேன்" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலையில் குனிந்துவிட்டாய்.

மறுநாள் மதியம் என் வீட்டு மாடியில் நின்றேன். போனை வழக்கம்போல் விமானப் பயன்முறையில் வைத்திருந்தேன், உள்ளே நீ இருக்கிறாய் என்பதால் கூடுதல் கவனத்தோடு. தெற்கிலிருந்து ஏறி வந்த வெள்ளிப் பொட்டு வடக்கே சின்னதாகி மறையும்வரை கையை ஆட்டினேன். கீழே வந்து படுத்தேன். போனை மறந்தே போனேன்.

மாலையில் எதிர்வீட்டு அம்மா கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். "அண்ணே, நல்லாத்தான இருக்கீக? உங்க மக போன்ல அழுகுது. உங்க போனு மதியத்துல இருந்து கெடைக்கலையாம்ல!" அப்போதுதான் போனை விமானப் பயன்முறையிலிருந்து மாற்றினேன், தவறிய அழைப்புச் செய்திகள் வந்து விழுந்தன. பெங்களூரில் இறங்கியதும் நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். மூன்று முறை. கிடைக்காமல் போகவே, மகளும் பயந்துவிட்டாள்.

உடனே உனக்குப் பேசினேன். நீ கோபப்படவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "திண்டுக்கல் தாண்டும்போது ஒண்ணு பாத்தேன் மாப்ள. எறங்குன ஒடனே சூட்டோட சொல்லணும்னுதான் அடிச்சேன். நீதான் ஏரோப்ளேனக் காப்பாத்திக்கிட்டு இருந்தியே!"

"இப்பச் சொல்லு."

"இப்பச் சொல்ல மாட்டேன். நீ போயிப் பாரு."

ஊர் திரும்பிய பிறகும் நான் விடவில்லை. மலைக்கோட்டையா என்றேன், மேகமா என்றேன், சிறுமலையா என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. அடுத்த முறை இருவரும் சேர்ந்து போவோம் என்றாய். சரி என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாதம் தள்ளினேன். பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி வாய்வரை வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா என்று விழுங்கிவிட்டேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

நாற்பது நாள் கழித்து, கூச்சத்தோடு உன் மனைவியிடம் கேட்டேன். "என்கிட்டயும் சொல்லலண்ணே," என்றார். "அவன் போயிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும், சரியான்னு நான் பாக்குறேன்னாரு."

போன மாதம் போனேன். தனியாகத்தான். இருக்கையை நானே யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். காலை விமானம், வடக்கு நோக்கிய பயணம், வெயில் வலப்பக்கம் அடிக்கும், கண் கூசும், ஆகவே இடப்பக்க ஜன்னல். தாளில் படம் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். வைக்க வேண்டிய இடத்தில் போனை விமானப் பயன்முறையில் வைத்தது அதுவே முதல் தடவை. சக்கரம் தரையை விட்டபோது கண்ணை மூடிவிட்டேன் என்பதை உன்னிடம் மறைப்பதற்கில்லை.

திறந்தபோது வைகை மணலாகக் கிடந்தது. பிறகு நிலக்கோட்டைப் பக்கத்துப் பூந்தோட்டங்கள், கட்டம் கட்டமாக, நான் வரைந்த எந்த வரைபடத்தையும்விடச் சுத்தமாக. போனில் காற்றழுத்தம் காட்டும் செயலி உண்டு, அதைத் திறந்தேன். வெளியே எவ்வளவு உயரம் ஏறினாலும் உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கிறார்களே, அந்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஆசை. கொடைக்கானல் மலைப்பாதையில் முக்கால்வாசி ஏறினால் இருக்கும் அளவு காட்டியது. ஜன்னலுக்கு வெளியே நிஜக் கொடைக்கானல் மலை கீழே கிடந்தது. இதை உன்னிடம் சொன்னால் துள்ளியிருப்பாய்.

அந்த எண்ணைக் குறித்துக்கொண்டிருந்த நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தா பாரு, மலைக்கோட்டை! ஏ, இங்குட்டுப் பாருடி! அதுக்குப் பக்கத்துல என்ன அது?" திண்டுக்கல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து எட்டிப் பார்க்கலாம்தான். பெல்ட் விளக்கு எரிந்தது. கையைத் தூக்கிப் பணிப்பெண்ணைக் கேட்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிட்டது. நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய் என்று ஒரு நாளும் கேட்காமல் போனேனே என்பது அப்போதுதான் உறைத்தது.

மகளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "இருங்கப்பா, அந்த டிக்கெட் இன்னும் மெயில்ல கெடக்கும்" என்று தேடி எடுத்தாள். பதினான்காம் வரிசை, வலப்பக்கம். "மாமாவுக்கு நடு சீட்டுப்பா. ஜன்னல் உங்க பேர்லதான் போட்டேன். அவர்தான் அப்படிப் போடச் சொன்னாரு. அவன் பயந்தாங்கொள்ளி, வெளிய பாத்தா எல்லாத்தையும் மறந்துருவான்னாரு."

ஆக, என் இருக்கை காலியாக இருந்ததால்தான் நீ அதில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். என் ஜன்னலில் தெரிந்ததைத்தான் பார்த்திருக்கிறாய். அது நான் பார்க்க வேண்டியது என்பதால்தான் பிறகு எனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. உறுதி செய்ய ஆள் இல்லை.

பெங்களூரிலிருந்து ரயிலில் திரும்பினேன். வந்த மறுநாளே, அதே மதிய விமானத்தில் பதினான்காம் வரிசை, வலப்பக்க ஜன்னல் வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பயணம். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுகிறேன், அதை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அப்படி என்னத்தடா பாத்த?