காவல் முடிய ஒரு நாள்

வலங்கைமான்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் உங்கள் தம்பி காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரனின் காவல் முடிய ஒரு நாள் இருக்கும்போதே ராஸல்கைமாவின் தும்ப் தீவுகளில் ஈரான் படை இறங்கியது என்று, அங்கே வேலைக்குப் போன புதிதில் சொன்னீர்கள். இங்கேயும் அப்படித்தான். நம் வயலுக்குக் காவலாக இருந்த மாமா மக்காவுக்கு உம்ரா கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது, உங்கள் தம்பி நடு வரப்பை வெட்டிவிட்டு நம் பாதி வயலிலும் விதை தெளித்துவிட்டார். மாமா பார்த்துவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டார்.

"அண்ணன் வரட்டும், பேசிக்கலாம்" என்கிறார் தம்பி. அந்தத் தீவுச் சண்டை ஐம்பது வருடத்துக்கு மேல் பேசியும் தீரவில்லையே. அதனால் நான் பேசவில்லை. ஆள் வைத்து வரப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அந்த ஆட்கள் கேட்டார்கள். அறுப்புக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரப்பில் நிற்பவள்