சோறில்லாத இலை

போன வாரம் உன் நாத்தனார் சிஞ்ச்வடிலிருந்து வந்தாள். ஒரு துணிப்பை நிறைய உன் ரவிக்கைகள். என் கடைத் தையல் மெஷின் மேலேயே வைத்தாள்.

"அண்ணியோட ஜாக்கெட்டுங்க அக்கா. எல்லாம் நல்ல துணி, சும்மா பொட்டில கெடக்குது. பிரிச்சி எனக்கு அளவா தெச்சிக் குடு" என்றாள்.

ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நெய்க்கறை போகவே இல்லை. விலாப்பக்கத்தில் இறுக்கிப் பிடித்த மூன்று வரிசைத் தையல், மூன்றும் என் கையால் போட்டது. முதல் வரிசை நீ சோற்றை விட்ட வருஷத் தீபாவளிக்கு. இரண்டாவது ஹோலிக்கு. மூன்றாவது அடுத்த தீபாவளிக்கு, "இன்னும் புடிடீ, இன்னும் புடி" என்று நீ பக்கத்திலேயே நின்று பிடிக்கச் சொன்னது. அந்த மூன்றையும் பிரித்தால்தான் உன் நாத்தனாருக்கு ஏறும்.

"பிரிக்க மாட்டேன். வேற டெய்லரப் பாரு" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வந்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷப் படையல். "அண்ணிக்குப் புடிச்சதெல்லாம் வெக்கப் போறோம். எல நெறைய சோறு, பாயசம், ஜிலேபி. பாவம், ரெண்டு வருசமா வாயக் கட்டிக்கினே செத்துச்சு. இப்பவாச்சும் வயிறார துன்னட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படையல் இன்று காலையில் முடிந்தது. உன் வீட்டிலிருந்து திரும்பி வந்து புடவைகூட மாற்றாமல் இதை எழுதுகிறேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? உனக்கு வந்தது டெங்கு. அந்த மழைக்காலத்தில் நம் போபோடியில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். மூன்று வேளையும் சப்பாத்தி தின்றவர்களும் படுத்தார்கள், பிரியாணி தின்றவர்களும் படுத்தார்கள். ஆனால் நீ எழுந்திருக்காமல் போனதற்கு மட்டும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். "சோறு துன்னிருந்தா ஒடம்பு தாங்கியிருக்கும்." அந்தச் சோற்றை உன் தட்டிலிருந்து எடுத்தவள் நானாம். தண்ணீர்க் குழாயடியில் என் குடத்துக்கு இடம் விட்டு விலகி நிற்கிறார்கள். நானும் நன்றாகக் காலை அகட்டி நின்று பிடிக்கிறேன்.

என்னை இதில் இழுத்தவளே நீதான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கட்கி ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் விடியற்காலை முதல் ஐந்து மணி நேரம் நின்று இட்லி விற்பாய். முட்டி வீங்கிப்போய் டாக்டரிடம் போனதற்கு, எடையைக் குறை, அப்புறம் முட்டியைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். நேராக என் கடைக்கு வந்து டேப்பைக் கையில் திணித்தாய். "அள" என்றாய். இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம். ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்திருந்தாய்: சோறு, சப்பாத்தி, பாவ் ரொட்டி, சர்க்கரை எல்லாம் கட், முட்டை, மீன், கறி, கீரை, நெய். "ரெண்டு பேரும் சேந்து பண்லாம்டீ. தனியா பண்ணா என்னிய ஒரு வாரத்துல சோத்துல தள்ளிடுவாங்கோ" என்றாய். என் இடுப்பும் அப்போது ஒன்றும் கொடியிடை இல்லை. சரி என்றேன்.

முதல் தப்பு என்னுடையது. அதை ஒத்துக்கொள்கிறேன். வீடியோவில் சோற்றை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். அதோடு நெய்யையும் எண்ணெயையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். நெய் நெஞ்சை அடைக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த புத்தி, ஒரு வீடியோவில் மாறிவிடுமா? கோழியைத் தோலுரித்து வெறும் தண்ணீரில் வேக வைத்தேன். முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றோம். மஞ்சள் கருவெல்லாம் சந்துப் பூனைக்குப் போயிற்று. மூன்று வாரத்தில் நம் இருவரில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, பூனைக்கு மட்டும் முடி பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு எந்நேரமும் பசி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். நீ ஒரு நாள் இட்லிக் குண்டான் மூடியைத் திறக்கும்போது கண் இருண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டாய்.

அன்றைக்கு வந்து கத்தினாய். "அடுப்புல வெறகையும் எடுத்துட்ட, கேஸையும் மூடிட்ட. அப்பால எப்டிடீ வேகும்?"

இரண்டாவது தப்பு உன்னுடையது. அதையும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். கேஸைத் திறக்கச் சொன்னால் வீட்டையே கொளுத்தியவள் நீ. டீயில் வெண்ணெய், பொரியலில் அரை மூடித் தேங்காய், பாங்க்டா மீன் எண்ணெயில் மிதக்கும், நடுநடுவே கைப்பிடி கைப்பிடியாக வேர்க்கடலை. பசியே இல்லை, ராணி மாதிரி இருக்கிறேன் என்றாய். இரண்டு மாதம் டேப் ஒரு நூல் நகரவில்லை. "நீ மேல மேல ஊத்திக்கினே இருந்தா ஒடம்பு எதுக்குடீ உள்ள கீற கொழுப்ப எடுத்து எரிக்கும்?" என்று கேட்டேன். முட்டையும் மீனும் குறைந்து வெண்ணெயிலேயே உன் வயிறு நிரம்புகிறது என்றும் சொன்னேன். எழுந்து போய்விட்டாய். இரண்டு நாள் என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மூன்றாம் நாள் டப்பாவோடு வந்தாய். மூன்று முட்டை, கொஞ்சம் வெந்தயக்கீரை, தனியாக ஒரு சின்னக் குப்பியில் நெய். "முட்டைய எண்ணி வெச்சிக்கோ. நெய்ய பசியப் பாத்து ஊத்திக்கோ" என்றாய். அவ்வளவுதான். நாம் நான்கு மாதம் முட்டிமோதியதற்கு விடை அந்த இரண்டு வரி. முட்டையோ மீனோ கறியோ வேளைக்கு இவ்வளவு என்று முதலில் வைத்துவிட வேண்டும், அதில் கைவைக்கக் கூடாது, உடம்பின் சதை கரையாமல் நிற்பது அதில்தான். நெய் மட்டும் ஏறும், இறங்கும். வண்டியில் நின்ற நாளைக்கு ஒரு கரண்டி கூடுதல். வீட்டில் கிடந்த நாளைக்கு அரைக் கரண்டி. அடுத்த வேளை வரை பசி தாங்கினால் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். அதற்குப் பிறகு டேப் நகர ஆரம்பித்தது.

சும்மா நகரவிட்டார்களா? இட்லி விற்பவள் இட்லி தின்னமாட்டாளாம் என்று சந்தெல்லாம் சிரித்தது. உன் நாத்தனார் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தட்டில் சோற்றைப் போட்டு உன் முன்னால் நகர்த்துவாள். ஒரு நாள் நானும் இருந்தேன். "நீ செய்றத நீயே துன்னமாட்டியா அண்ணி? அப்பால ஊர்க்காரன் இன்னாத்துக்குத் துன்னணும்?" என்று கேட்டாள். நீ என்னைக் காட்டினாய். "இவ ஊருக்கே ஜாக்கெட் தெக்கிறா. எல்லாத்தியும் இவளே மாட்டிக்கினு திரியிறாளா?" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "ஒரு நாளு நீயே சோறு கேப்ப அண்ணி. அன்னிக்கி நான் சிரிப்பேன் பாரு" என்றாள். நீ அவள் நகர்த்திய தட்டை அவள் பக்கமே நகர்த்தினாய்.

முப்பத்தைந்து அங்குலம் வந்த அன்று கட்கி ஸ்டேஷன் பாலத்தில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாய். மேலே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு இறங்கி வந்து, "இன்னொரு வாட்டி ஏறிப் பாக்கறேன், நெசந்தானான்னு" என்று மறுபடி ஏறினாய். லோக்கல் ரயிலுக்கு ஓடியவர்கள் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் கீழே நின்று அழுதேன். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே உனக்கு முட்டை வாசனை ஆகவில்லை. நெய் என்று சொன்னாலே குமட்டியது. எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "கஞ்சி வேணும்டீ. அரிசிக் கஞ்சி. உப்புப் போட்டு."

என் வீட்டில் இரண்டு வருஷமாக அரிசி இல்லை. பக்கத்து வீட்டு மாவ்ஷியிடம் ஒரு கிண்ணம் வாங்கி, குழைய வேகவைத்து, ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சோற்றை விட்டது நன்றாக நடமாட. படுத்துக் கிடக்கும்போது உடம்பு எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டியதுதான். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. முதல் கரண்டியை வாங்கிக்கொண்டு, "இது சோறு இல்லடீ, மருந்து" என்றாய். இரண்டாவது கரண்டியில் கண்ணை மூடிக்கொண்டாய். "இன்னா ருசிடீ" என்றாய். மூன்று நாள் அப்படிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்டாய். மூன்றாம் நாள் வாயைத் துடைத்துவிடும்போது சொன்னாய்: "என் நாத்தனார்கிட்ட சொல்லிடாதடீ. செத்தாலும் அவ சிரிக்கக் கூடாது."

விளையாட்டாகத்தான் சொன்னாய். நானும் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினேன். மறுநாள் உன்னை ஐசியூவுக்கு மாற்றினார்கள்.

இந்த ஒரு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரி டாக்டரை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சாப்பாட்டால்தான் போனாளா என்று இரண்டு முறையும் அதே கேள்வி. இல்லை அம்மா, சம்பந்தமே இல்லை என்று இரண்டு முறையும் அதே பதில். நம்புகிறேன். இருந்தாலும் கேட்டேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. நீ போன பிறகு நெய் டின்னில் கரண்டி விடும்போது என் கை தானாகச் சுருங்குகிறது. பழைய பயம். அப்புறம் நீ திட்டுவாய் என்று இன்னும் அரைக் கரண்டி எடுக்கிறேன்.

இன்று காலையில் நான் வெறுங்கையோடு வரவில்லை. மூன்று முட்டையை நெய்யில் பொரித்தேன். பாங்க்டா வறுத்தேன். வெந்தயக்கீரை வதக்கினேன். ஒரு தலைவாழை இலையும் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டேன். உன் படத்துக்கு முன்னால் அவர்கள் இலை போட்டிருந்தார்கள். சோறு மலை மாதிரி, பக்கத்தில் மீன் குழம்பு, பாயசம், ஜிலேபி. நான் அதைத் தொடவில்லை. பக்கத்தில் என் இலையை விரித்தேன்.

"இன்னாக்கா இது?" என்றாள் உன் நாத்தனார்.

"அவ துன்ற எல."

"சோறு இல்லாத எல ஒரு எலையா? செத்தவங்களுக்குச் சோறு வெக்காம யாராவது படைப்பாங்களா?"

"நீ வெச்சது நீ ஆசப்பட்டது. வெச்சிக்கோ, நான் ஒன்னியும் சொல்லல. இது அவ ஆசப்பட்டது. அதுவும் இருக்கட்டும்."

அவளுக்கு உதடு துடித்தது. உன்மேல் பாசம் இல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷமாக அவள் மனதில் நீ பசியோடு நிற்கிறாய், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உறவெல்லாம் கூடியிருந்த அந்தக் கூடத்தில் அவள் உடைந்துவிட்டாள். "ரெண்டு வருசமா சோத்தக் கண்ணுலயே காட்டாம வெச்சிருந்தா இவ. சாவற வரைக்கும் ஒரு வாய் சோறு அண்ணி வாயில போவல. போச்சா? இவளையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் வீட்டுக்காரரும் பார்த்தார். ஃபிளாஸ்க், கரண்டி, உப்பு, பக்கத்து வீட்டு மாவ்ஷி, மூன்று நாள், எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். குழாயடியில் நாளைக்கே விலகாமல் என் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இவளும் தன் அண்ணி பசியோடு போகவில்லை என்று கொஞ்சம் ஆறியிருப்பாள். அதற்காகச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஆறிய பிறகு, இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள், "பாத்தியா, கடசில அண்ணி சோறுதான் கேட்டுச்சு" என்று சிரிப்பாள். அந்த ஸ்டேஷன் பாலத்தில் இரண்டு முறை ஏறியவளைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஆமா" என்றேன். "சாவற வரைக்கும் அவ வாயில ஒரு பருக்கை போவல."

 கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "அவளே ஒத்துக்கினா பாரு" என்று ஒரு குரல் வந்தது. படைத்து முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, உன் வீட்டுக்காரர் என் இலையின் முன்னால் உட்கார்ந்தார். மூன்று முட்டையையும் தின்றார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பருக்கை போகவில்லை என்று நான் சொன்ன பொய் இந்தச் சந்து இருக்கும் வரை இருக்கும். இருக்கட்டும். நீ தோற்காமல் போனாய் என்பது அவர்களுக்கு. நீ எப்படிக் கண்ணை மூடி அந்தக் கஞ்சியை ருசித்தாய் என்பது எனக்கு. நாளைக்குக் குழாயடியில் யாராவது மறுபடி கேட்பார்கள், சோறு போடாமல் அவளைச் சாகடித்தவள் நீதானே என்று. குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆமாம், நான்தான் என்பேன்.