கழற்றாத மூடி

உன் அண்ணன் செல்வம் கொண்டுவந்து வைத்த தோல்பையைத் திறந்ததும் வாட்டிய தோலின் மணம் வந்தது. இந்த மலையில் தோல் அப்படி மணக்காது. பூஞ்சை பிடித்து ஈரத்துணி போலத்தான் நாறும். உன் துணி அலமாரியின் அடித்தட்டில் இரவும் பகலும் எரிந்த குண்டு பல்பு நினைவுக்கு வந்தது. லென்ஸுக்குள் பூஞ்சை ஏறாமலிருக்கக் கேமராக்களை அதன் பக்கத்தில் வைத்திருப்பாய். உன் சேலைகள் மேல்தட்டில் குளிரில் கிடக்கும். நீ போன பிறகும் வீட்டில் யாரும் அந்தப் பல்பை அணைக்கவில்லை என்பது அந்த மணத்தில் தெரிந்தது.

பைக்குள் இரண்டு கேமராக்கள். ஒன்று, ஊட்டியில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து நீ வாங்கிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர், ஃபிலிம் போட்டு எடுப்பது. மற்றது, கல்யாணங்களுக்கு நீ தூக்கிப்போன மிர்ரர்லெஸ், புது டிஜிட்டல் ரகம்.

"ரெண்டுல ஒண்ணு நீங்க வச்சுக்கங்க," என்றார் செல்வம். "இன்னொண்ணக் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். எதுன்னாலும் எடுத்துக்கறேன்னார். பாத்துச் சொல்லுங்க."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வராமலிருந்தால்தான் அதிசயம் என்று உனக்குத் தெரியும். விலையுள்ளதை எடுக்கிறேனா என்று பார்க்கிறாரா? பழையதை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவேன் என்று தெரிந்தே கேட்கிறாரா?

"நீங்களே ஏதாவது ஒண்ணக் குடுங்கண்ணா."

"அது சரியா வராதுங்க. நீங்கதான் சொல்லணும்," என்றவர், டீயைப் பாதியில் வைத்துவிட்டு பைக்கில் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து பதில் சொல்வதாக ஏற்பாடு. அதுவரை, அச்சுப்பிழை திருத்த வேண்டிய தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டையும் மேசையில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை எடுப்பது என்பதைவிட, எதை அனுப்பிவைப்பது என்பதுதான் உறுத்தியது. உன் விரல் பட்டு வெளுத்த இடத்தைக் காட்டி, வாங்குகிறவர் விலையைக் குறைக்கச் சொல்வார்.

நாம் போட்ட சண்டைகளில் பாதி இந்த இரண்டைப் பற்றித்தான். நான் ரேஞ்ச்ஃபைண்டர் கட்சி. அதில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. ஜன்னலின் நடுவில் மங்கிய மஞ்சள் சதுரம் ஒன்று. அதற்குள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பி இரண்டு உருவங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் படம் துல்லியமாக விழும். முதல் பார்வையில் எதையும் நம்பாத கருவி என்று மெச்சிக்கொண்டேன். படத்துக்குள் வராத இடமும் ஓரத்தில் கொஞ்சம் தெரிவதால், யார் உள்ளே நுழையப்போகிறார்கள் என்பதையும் கண்காணிக்கலாம்.

"உனக்கு வேண்டியது கேமரா இல்லடி, காவல் கோபுரம்," என்பாய்.

மிர்ரர்லெஸ்மீது எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. உலகத்தைக் காட்டுவதற்குப் பதிலாக உலகத்தைப் பற்றிய ஒரு குட்டி டிவியைக் காட்டுகிறது. சத்தமில்லாமல் எடுக்கிறது, எடுக்கப்படுகிறவருக்கே தெரியாது. பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்னால் நடந்ததையும் அது சேர்த்துவைத்துக்கொள்ளும் என்று ஒருநாள் பெருமையாகக் காட்டினாய்.

"அப்போ எடுத்தது யாரு? நீயா, அதுவா?"

"மாலை மாத்தற நேரத்துல ஒருத்தன் குறுக்க வந்து நிப்பான் பாரு, அவன்கிட்டப் போய்க் கேளு இத. எனக்குப் படம் வேணும்டி. கேமராவுக்குக் கற்பு இருக்கான்னு பாக்க நேரமில்ல."

தேவாலாவில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு லைட் பிடிக்க உன்னோடு வந்தேன். வெளியே விடாத மழை, எல்லாம் முன்னறைக்குள்தான். பெண்ணுக்குப் பின்னால் சுவரில், இறந்துபோன அவளுடைய அப்பாவின் படம் மாலையோடு. உன் மிர்ரர்லெஸ் முகத்தில் கண்ணைத் தேடி, அதன்மேல் ஒரு சின்னச் சதுரத்தைப் போட்டுப் பிடித்துக்கொள்ளும் ரகம். பெண் தலை குனியும்போதெல்லாம் அந்தச் சதுரம் தாவிப் போய் அப்பாவின் கண்ணில் உட்கார்ந்தது. பெண் மங்கல், அப்பா பளிச்சென்று.

கூடலூர் பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் படங்களைப் பார்த்து எனக்கு வெற்றிக் களிப்பு. "காகிதத்துக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதை," என்றேன்.

"அப்பாவுக்கு மாப்பிள்ளையப் பாக்கணும்னு இருந்திருக்கும், விடு," என்றாய். எதையும் அழிக்கவில்லை. பெண்ணின் அம்மா அந்தப் படங்களில் ஒன்றைத்தான் பெரிதாக்கிக் கேட்டார் என்று பிறகு சொன்னாய். என்னை மடக்க நீயே கட்டிய கதையோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஆனால் உன் கையில் எனக்கு எதிராக இன்னொரு துருப்பு இருந்தது.

கொலக்கம்பைக்குக் கீழே உங்கள் எஸ்டேட் சரிவில், மூட்டம் விலகிய ஒரு காலை. எல்லோரையும் எடுக்கிற உன்னை எடுக்க ஆளில்லை என்று சொல்லி ரேஞ்ச்ஃபைண்டரை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டேன். கவாத்து செய்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாய். பாறைமேல் ஏறி உட்கார்ந்தாய். கொழுந்து வண்டி போகும் தடத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாய். மஞ்சள் சதுரத்துக்குள் உன் இரண்டு முகங்களையும் பொறுமையாக ஒன்றாக்கி, ஒரு சுருள் முழுக்க எடுத்தேன். அவ்வளவு நம்பிக்கையோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அன்று மாலை உங்கள் குளியலறையை இருட்டாக்கிச் சுருளைக் கழுவினாய். பிறகு வெளியே வந்து அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். ஒரு படமும் இல்லை, கண்ணாடிபோல் வெறும் பட்டை. ஓரத்தில் கம்பெனி அச்சடித்த எண்கள் மட்டும் ஒழுங்காக ஓடின. லென்ஸ் மூடியை நான் கழற்றவே இல்லை.

நீ சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "ஊர்ல இருக்கற அத்தனையையும் சந்தேகப்படுவா. ஜன்னல் தெளிவா இருந்துச்சாம், கதவும் தொறந்துதான் இருக்கும்னு நம்பிட்டாம்மா." பிறகு மிர்ரர்லெஸ்ஸைத் தூக்கிக் காட்டினாய். "இதுல மூடி போட்டிருந்தா கறுப்பாத் தெரியும். உன்னோட யோக்கியமான கேமராதான்டி உன்கிட்டப் பொய் சொல்லிச்சு."

அதற்கு என்னிடம் ஒரு சந்தேகம்தான் இருந்தது. அன்று காலை முழுக்க நீ எனக்கு எதிரேதான் நின்றாய், கேமராவின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு. கூட்டத்துக்கு நடுவில் யாராவது லென்ஸ் கண்ணாடியில் விரல் வைத்தாலே கண்டுபிடிக்கிறவள், கறுப்பு மூடியைப் பார்க்கவில்லையா? பலமுறை கேட்டிருக்கிறேன். "வெயில்ல கண்ணு கூசிச்சு," என்பாய். இன்னொரு நாள், "நீ அவ்வளவு சந்தோசமா எடுத்துட்டிருந்தியே," என்பாய். உன் இரண்டு பதில்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவே இல்லை.

ஆடி மழையில் வந்த காய்ச்சல். கோயம்புத்தூர் வரை கொண்டுபோயும் உன்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மாலை போட ஒரு படம் தேடினோம். இத்தனை பேருடைய முகங்களைச் சேர்த்துவைத்த வீட்டில் உன் முகம் இல்லை. கடைசியில் ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். பெரிதாக்கியதில் முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிட்டது. அந்த வெற்றுச் சுருளை அப்போது நினைக்காமலிருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் என்று முடிவு செய்திருந்தேன். அது எனக்குப் பழகியது. விலையுள்ளதை எடுத்துக்கொண்டாள் என்ற பேச்சும் வராது. இந்த இரண்டாவது காரணம்தான் உண்மையில் முதலாவதோ என்றும் தோன்றியது.

"பழசு," என்றேன். செல்வம் தலையாட்டிவிட்டு, கோயம்புத்தூர்க்காரரை அழைக்க ஃபோனை எடுத்தார்.

கொடுப்பதற்கு முன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மிர்ரர்லெஸ்ஸை ஆன் செய்தேன். கண்ணில் வைத்து அறையைச் சுற்றிப் பார்த்தேன். அடுப்படிக் கதவு, நாற்காலி, சுவரில் மாலையோடு உன் படம். சதுரம் தாவியது. உன் கண்ணில் போய் உட்கார்ந்தது. கேமராவை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன். சதுரம் உன்னை விடவில்லை.

கழுதை என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னா பிள்ள, அப்பிடியே நிக்கிற?" என்றார் உன் அம்மா. சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவரின் பேச்சில் அந்தச் சாயல் இன்னும் போகவில்லை. பின்பக்கத் திரையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்தக் கட்டம் என்னாது?"

"ஆள் இருந்தாங்கன்னா கண்ணக் கண்டுபுடிக்கும்மா."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அது ஏமாறும், வெறும் காகிதத்தைக்கூட ஆள் என்று நினைத்துக்கொள்ளும் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"அங்கிட்டு நவுத்து."

நகர்த்தினேன். சதுரம் உன் கண்ணிலேயே நின்றது.

"இங்கிட்டு."

நின்றது.

என் கையிலிருந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இத யாருக்கும் குடுக்க ஏலாது," என்றார், செல்வத்தைப் பார்க்காமலேயே.

செல்வம் ஃபோனோடு வாசலுக்குப் போனார். "இல்லைங்க, குடுக்கறதில்லைங்க. வீட்டுல வேணுமாம்," என்பது காதில் விழுந்தது. நான் திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

"அவ சாமான் எதையும் அம்மா தொடவே இல்லைங்க," என்றார். "என்ன செய்யலாம்னு கேட்டா வாயே தொறக்கல. நீங்க ஒண்ண எடுத்தா, மத்ததையாவது வேணும்னு சொல்லுவாங்களோன்னு பாத்தேன்."

முன்பே அப்படி நினைத்தாரா, அப்போது தோன்றிய விளக்கமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். குன்னூர் வந்தபோது யோசிப்பதை நிறுத்தியிருந்தேன். அது எனக்குப் புதிது.

மிர்ரர்லெஸ் உன் அலமாரிக்கே திரும்பிப் போய்விட்டது, பல்பின் பக்கத்துக்கு. நானும் என் புத்தக அலமாரியின் அடித்தட்டில் ஒரு பல்பு போட்டிருக்கிறேன். பழையது அங்கே இருக்கிறது.

அன்று நீ மூடியைப் பார்த்தாயா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. தெரியாததோடு வெளியே போய்ப் படம் எடுக்கிறேன். ஜன்னலில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது; மஞ்சள் சதுரத்துக்குள் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அப்போதும் அழுத்துவதில்லை. ஆள்காட்டி விரலை லென்ஸின் முன்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்கிறேன். மூடி இல்லை, கண்ணாடிதான். அதில் என் ரேகை விழுந்துவிடுகிறது. துப்பட்டா நுனியால் துடைக்கிறேன். அதற்கும் நீ திட்டுவாய். துடைத்து நிமிர்வதற்குள், எடுக்க நினைத்தது பெரும்பாலும் மூட்டத்துக்குள் போயிருக்கும்.