வளைவில் கம்பி பாக்கி

ஆம்பூர்

அன்பு மகன் ஆல்வினுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், உன் தங்கை பிரிசில்லாவும் மாப்பிள்ளையும் சுகம், நீ அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு திரிகிறாயா இல்லையா என்பதுதான் இங்கே எல்லாருக்கும் கவலை, ராத்திரி ஜெபத்தில் உன் பெயரைத்தான் அம்மா முதலில் சொல்கிறாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது கம்மி. பக்கத்து வீட்டு ஃபரீதா அக்கா மகளுக்கு நிக்கா முடிந்தது, பிரியாணி அனுப்பினார்கள், உனக்குப் பிடித்த கத்தரிக்காய் தனியாக ஒரு டப்பாவில் வந்தது, அதைப் பார்த்ததும் அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். ஷூ கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு எனக்குத்தான் பொழுது போகாமல் ஒரே பேஜார், அந்தப் பேஜாரில்தான் உன் மாடி அறையில் கை வைத்தேன்.

நீ பலகையில் கட்டி வைத்துவிட்டுப் போன குட்டி ரயிலுக்கு எல்லாம் இருந்தது, தண்டவாளம், பிளாட்பாரம், மேம்பாலம், உன் முதல் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு எலெக்ட்ரிக் எஞ்சின். மேலே கரன்ட் கம்பி மட்டும் இல்லை. எப்போது வருவாய் என்று கேட்கும்போதெல்லாம் நீ என்ன சொல்வாய், "மேல கம்பி இழுக்கிற வேலை பாக்கி இருக்குப்பா, அதுக்காகவாவது வந்துடுவேன்" என்பாய். போன கிறிஸ்துமஸுக்கும் அதையே சொன்னாய். சரி, பிள்ளை வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நானே ஆரம்பித்தேன். கம்பத்துக்கு சைக்கிள் ஸ்போக்ஸை வெட்டினேன், மோட்டார் வைண்டிங் கடை டேனியலிடம் மெல்லிசான செம்புக் கம்பி வாங்கினேன், ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரக் கோடியில் நின்று அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே லேசாகத் தொய்ந்து ஒரு கம்பி, கீழே விறைப்பாக ஒரு கம்பி, இரண்டையும் பிடித்துக்கொள்ள நடுவில் பொடிப்பொடியாகத் தொங்கும் கம்பிகள். நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு போலீஸ்காரர் வந்து "இன்னா பெருசு, எதனா தொலைச்சுட்டியா" என்று கேட்டார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன், விரல் சுட்டது, அம்மா திட்டினாள், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக நான் எந்த வேலையும் பார்த்ததில்லை.

பாவி நான் தப்பு செய்தது எங்கே தெரியுமா, என் கைப்பழக்கத்தில். ஆயுசு முழுக்க லாஸ்டிங் செக்ஷனில் பாத அச்சுக் கட்டை மேல் தோலை இழுத்து ஒட்டியவன், எனக்கு சென்டர் மார்க்தான் வேதம், முனையிலும் குதிகாலிலும் சென்டர் ஒரு நூல் விலகினாலும் அந்த ஷூ ரிஜெக்ட். அதே புத்தியில் ஒவ்வொரு கம்பத்திலும் தண்டவாளத்துக்கு நட்டநடுவில் மார்க் போட்டுக் கம்பியைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பிரிசில்லா வீடியோ எடுக்க, எஞ்சினை விட்டோம். நேர்த் தடத்தில் ராஜா மாதிரி போயிற்று, அம்மா கை தட்டினாள். வளைவில் தண்டவாளம் வளைகிறது, கம்பி எங்கே வளையும், அது கம்பத்துக்குக் கம்பம் நேராகத்தானே போகும், இரண்டு கம்பத்துக்கு நடுவில் உள்பக்கமாக ஒதுங்கிவிட்டது. எஞ்சின் தலையில் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகிற அந்த மடக்குக் கை கம்பியை விட்டு விலகி மேலே எழும்பி மாட்டிக்கொண்டு, படக்கென்று ஒடிந்தது, கம்பங்களையும் சாய்த்துவிட்டது. ஒடிந்த கையைத் தேடிப் பலகைக்கு அடியில் தவழ்ந்தேன் ஆல்வின்.

நீ கத்துவாய் என்று பயந்துகொண்டேதான் போன் செய்தேன். நீ கத்தவில்லை. "பரவால்லப்பா, வளைவுல மட்டும் கம்பிய வெளிப்பக்கமா தள்ளிக் கட்டணும், மத்தபடி சூப்பரா பண்ணியிருக்கீங்க, எஞ்சின் பழசுதானே, விடுங்க" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதான் கம்பி வேலை முடிஞ்சுடுச்சே, டிசம்பர்ல டிக்கெட் வேற ஜாஸ்தி, அடுத்த வருஷம் பாக்கலாம்பா" என்றாய். சின்ன வயதில் உன் பொருளை யாராவது தொட்டால் வீட்டையே ரெண்டாக்குவாயே, அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று நினைத்தேன். நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "அவன் வந்து செய்யறதுக்குன்னு வெச்சிருந்த வேலைய நீங்க இன்னாத்துக்குங்க செஞ்சீங்க?" எனக்கு வந்தது பார் கோபம், டிக்கெட் விலைக்கும் கம்பிக்கும் என்னடி சம்பந்தம் என்று எகிறினேன். சம்பந்தம் இல்லைதான், உன் வேலையும் உன் கஷ்டமும் எனக்குத் தெரியாதா. ஆனாலும் அவள் கேட்டது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அசத்துகிறேன் பேர்வழி என்று, நீ வருவதற்கு இருந்த ஒரே சாக்கையும் நானே உட்கார்ந்து தீர்த்துவிட்டேனே என்று ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஆராதனையை விடாதே, ராத்திரி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. எஞ்சினை ஒரு ஷூ டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்திருக்கிறேன், ஒடிந்த கையும் அதிலேயே இருக்கிறது. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திவிட்டேன், நீ சொன்ன மாதிரி வெளிப்பக்கமாகத் தள்ளிக் கட்ட எனக்கு ஒரு சாயங்காலம் போதும். கட்டவில்லை. வளைவில் இருந்த கம்பியையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் தம்பி, வளைவில் கம்பி பாக்கி இருக்கிறது, நான் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
துரைசாமி

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, மேம்பாலத்துக்கு அடியிலும் கொஞ்சம் அவிழ்த்துவிடச் சொல்கிறாள்.