செத்த பல்

மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதருக்கு,

உங்கள் தம்பி கல்யாணப் போட்டோவில் என் கறுத்த முன்பல் தெரிந்தால் உங்கள் மானம் கப்பலேறிவிடும் என்றீர்களே, பல் டாக்டரிடம் போனேன்.

“இது செத்துப்போன பல்லும்மா. வெளியில எவ்வளவு தேச்சாலும் வெளுக்காது. பின்பக்கம் ஓட்டை போட்டு, உள்ள மருந்து வச்சு அடைக்கணும். எப்படி அடிபட்டுச்சு?”

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன்.

அவர் என் உதட்டுத் தழும்பைப் பார்த்தார். “பாத்ரூம் மோதிரம் போட்டிருந்துச்சா?”

உங்கள் வீட்டில் ஒருவருக்கும் இத்தனை நாளாகத் தோன்றாத கேள்வி.

மருந்து வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். போட்டோவில் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பேன். புதுப்பெண் கேட்டால், மோதிரத்தையும் காட்டுவேன், போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
எங்கேயும் வழுக்கி விழாத
உங்கள் மனைவி